சுண்டைக்காயும் சுமைகூலியும்

‘சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்’ என்பது நம் வீட்டுப் பெரியோர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. சந்தைக்குப் போய்வருவோர்க்கு மட்டும் உரியது என்று இதனை நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். கடல் கடந்து வாணிகம் செய்யப் புறப்படுவோர்க்கும் இதுவே முதற்பாடம் என்பதைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டு விறாந்தையில் உணர்ந்தேன்.

அன்று மாலை படலையைத் திறந்துகொண்டு வந்தவன் என் பழைய மாணவன் ஒருவன். வடமராட்சியைச் சேர்ந்தவன். பள்ளியிற் படித்த காலத்தில் கணக்கிற் கெட்டிக்காரன். ஆனால் விடையைக் கண்டுபிடிக்கும் அவசரத்தில் வினாவை முழுவதும் வாசிக்க மாட்டான். இன்று அவன் தன் அத்தானோடு பங்கு சேர்ந்து, பனங்கட்டி, ஒடியல் மா, பனையோலைப் பெட்டி முதலியவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி வருகின்றான். அடுத்த மாதம் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள கடைக்காரர்களைச் சந்திக்கப் புறப்படுகின்றான். கையில் மூன்று வங்கிகளின் வண்ணப் பிரசுரங்கள். மூன்றிலும் விமானத்தின் படம். மூன்றிலும் சிரித்த முகங்கள்.

“சேர், பிரயாணச் செலவுக்கு ஒரு கடனட்டை எடுக்க வேண்டும். செலவு செய்யச் செய்யப் புள்ளிகள் தருகிறார்களாம். இந்த மூன்றில் எது நல்லது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றான்.

நான் கல்லூரி ஆசிரியன். வங்கி உத்தியோகத்தன் அல்லன். ஆயினும் பழைய மாணவன் கேட்கும்போது ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல எந்த ஆசிரியனுக்கும் மனம் வராது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பிரசுரங்களைப் பின்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். முன்பக்கத்தில் இருப்பவை வாக்குறுதிகள். பின்பக்கத்துச் சிற்றெழுத்தில் இருப்பவையே நிபந்தனைகள்.

நம் யாழ்ப்பாணத்தவர்க்குத் தூரதேச வாணிகம் புதியதன்று. நம் புகையிலை திருவிதாங்கூர்ச் சீமைக்குப் போயிற்று. வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் ஓடின. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற கப்பல், பெயர் மாற்றம் பெற்று, 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை சென்றது. அண்மைக் காலத்திலும் வழிகள் மெல்லத் திறந்து வருகின்றன. 2019 ஒக்ரோபர் 17 இல் பலாலியில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் திறந்து வைக்கப்பட்டது. பெருந்தொற்றினால் 2020 இல் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசந்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை தொடக்கி வைக்கப்பட்டது. பிரயாணம் எளிதாகின்றபோது, பிரயாணப் பணத்தைப் பற்றிய அறிவும் வளர வேண்டுமல்லவா?

பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போவது எக்காலத்திலும் ஆபத்தே. ஆகவேதான் நம் முன்னோர் உண்டியல் என்ற முறையைக் கையாண்டனர். ஓர் ஊரிலுள்ள கடையிற் பணத்தைக் கட்டிச் சீட்டைப் பெற்றுக்கொண்டால், வேற்றூர்க் கடையில் அச்சீட்டைக் காட்டிப் பணம் பெறலாம். கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து சென்னை, இரங்கூன், பினாங்கு ஆகிய ஊர்கள்வரை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைச்சீட்டு மதிக்கப்பட்டது. அதற்காக அவர்கள் ‘வட்டம்’ என்று ஒரு கழிவு பிடித்துக்கொள்வர். சீட்டுக்குக் கூலி உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு என்பதும் முன்கூட்டியே தெரியும்.

மேல்நாட்டில் 1891 ஆம் ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பிரயாணிகள் காசோலையை வெளியிட்டது. 1950 இல் நியூயோர்க்கில் டைனர்ஸ் கிளப் அட்டை தோன்றியது. உணவுச்சாலைகளிற் கையொப்பமிட்டு உண்டு, மாத முடிவிற் பணம் கட்டுவதற்கான அட்டை அது. 1958 இல் பாங்க் ஒவ் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ என்ற நகரத்தில், கேளாமலே ஏறத்தாழ 60,000 பேருக்கு அட்டைகளைத் தபாலில் அனுப்பியது. அந்த அட்டையே 1976 இல் ‘விசா’ என்ற பெயரைப் பெற்றது. 1981 இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ், பறந்த மைல்களுக்கு இலவசப் பிரயாணம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. சிறிது காலத்தில் அட்டையும் மைலும் கைகோத்துக்கொண்டன. அன்று முதல் ‘எவ்வளவு கூலி?’ என்ற பழைய கேள்வியை மக்கள் மறந்து, ‘எவ்வளவு பரிசு?’ என்று கேட்கத் தொடங்கினர்.

“பரிசு என்றால் நல்லதுதானே, சேர்?” என்றான் மாணவன்.

“நல்லதுதான். அந்தப் பரிசை யார் தருகிறார் என்று யோசித்தாயா?” என்று கேட்டேன்.

அவன் யோசித்திருக்கவில்லை. பலரும் யோசிப்பதில்லை. நாம் அட்டையை நீட்டும் ஒவ்வொரு தடவையும், கடைக்காரருக்குப் போய்ச் சேரும் தொகையில் ஒரு பங்கு கழிக்கப்படுகின்றது. அக்கழிவின் பெரும்பகுதி அட்டை தந்த வங்கியைச் சேரும். அதிலிருந்து ஒரு சிறு துளிதான் நமக்குப் புள்ளியாகத் திரும்புகின்றது. மாத முடிவில் முழுப் பணத்தையும் கட்டாதவர்கள் செலுத்தும் வட்டியும் அந்தப் பானையிலேயே விழுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் வங்கிகளுக்குச் சேரும் அக்கழிவுக்குக் கடனட்டையில் நூற்றுக்கு 0.3 என்று வரம்பு விதித்தது. அதன்பின் அங்கே பல அட்டைகளின் பரிசுகள் சுருங்கின. ஊற்று வற்றினால் கேணியும் வற்றும். எனவே புள்ளி என்பது வானத்திலிருந்து விழும் மழையன்று. நம்மிடமிருந்தும் நம்மைப் போன்ற மற்றையோரிடமிருந்தும் இறைத்த தண்ணீரில் ஒரு கை நமக்குத் திரும்பத் தெளிக்கப்படுவது.

இவ்வளவில் என் மனைவி தேநீரும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தாள். நான் பழைய பரீட்சைத் தாளொன்றின் பின்புறத்திற் கணக்கை எழுதினேன். வாசகர்களும் என்னோடு சேர்ந்து எழுதிப் பார்க்கலாம்.

மாணவன் வெளிநாட்டிற் செலவிட எண்ணிய தொகை, நம் பணத்தில் 500,000 ரூபா. முதற் பிரசுரத்து அட்டை, வெளிநாட்டுச் செலவில் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் 2 புள்ளிகள் தருகின்றது. ‘இரட்டைப் புள்ளி’ என்று அதைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தனர். ஆக 10,000 புள்ளிகள். கேட்கும்போது செவிக்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால் சிற்றெழுத்தைப் பார்த்தால் ஒரு புள்ளியின் பெறுமதி 25 சதம். ஆகவே பரிசு 2,500 ரூபா. அதே அட்டையில் அந்நிய நாணயத்தை ரூபாவாக மாற்றுவதற்கான மேலதிகக் கட்டணம் நூற்றுக்கு 3. அது 15,000 ரூபா. ஆண்டுக் கட்டணம் 10,000 ரூபா. கொடுப்பது 25,000, பெறுவது 2,500, நிகரச் செலவு 22,500 ரூபா.

இரண்டாவது பிரசுரம் மிக எளிமையானது. புள்ளி இல்லை, பரிசு இல்லை. மாற்றுக் கட்டணம் நூற்றுக்கு 2. ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபா. மொத்தச் செலவு 12,500 ரூபா. பரிசே தராத அட்டை, பரிசு தரும் அட்டையிலும் 10,000 ரூபா மலிவாக நிற்கின்றது!

மூன்றாவது, விமான மைல்கள் தரும் அட்டை. 200 ரூபாவுக்கு ஒரு மைல். ஐந்து இலட்சத்துக்கு 2,500 மைல்கள். பிரசுரத்தில் இருந்த அட்டவணையைப் பார்த்தால், மிகக் கிட்டிய ஊருக்குப் போவதற்கும் அது போதாது. சேர்த்து வைக்கலாம் என்றால் மூன்று ஆண்டுகளிற் காலாவதியாகிவிடும். விமான நிலையத்து ஓய்வுமண்டபத்தில் இலவசமாக அமர்ந்து உண்ணலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆண்டுக் கட்டணம் 25,000 ரூபா. ஆண்டில் இருமுறை பறக்கும் ஒருவனுக்கு அந்த இலவசத் தேநீர் எவ்வளவு விலையுள்ள தேநீர் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் அவன் கொண்டுவந்த பிரசுரங்களில் இருந்த எண்கள். வங்கிக்கு வங்கி இவை வேறுபடும். காலத்துக்குக் காலம் மாறும். இவற்றின்மேல் அரசின் முத்திரை வரியும் சேரக்கூடும். ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. கொடுப்பதை முதலில் எழுது, பெறுவதைப் பின்னர் எழுது, கழித்துப் பார். பரிசு அட்டை எப்பொழுதும் நட்டம் என்று நான் சொல்லவில்லை. மாதந்தோறும் பறப்பவர், பெருந்தொகை செலவிடுபவர், ஒரு சதமும் மீதி வையாமற் கட்டி முடிப்பவர் ஆகியோர்க்கு அது இலாபமாக வரலாம். சிறு வணிகனுக்கு அது பெரும்பாலும் சுண்டைக்காய், சுமைகூலி வேறு.

“இதை 2022 இல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால்...” என்று மாணவன் மெல்லச் சொன்னான். அப்பொழுதுதான் அவன் வந்த உண்மையான காரணம் வெளிப்பட்டது.

2022 மார்ச் முதல் வாரத்தில் அவன் டுபாய்க்குப் போயிருக்கின்றான். அங்கே தங்குமிடம், போக்குவரத்து, மாதிரிப் பொருள்களை அனுப்பிய கூலி என்று ஏறத்தாழ 1,200 டொலர் அட்டையாற் செலவிட்டான். அன்றைய மாற்று வீதம் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 203 ரூபா. ஆகவே 243,600 ரூபா என்று கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டான். அந்த வாரத்தின் பின்னர் நடந்தது நாம் எல்லாரும் அறிந்ததே. மார்ச் 7 இல் மத்திய வங்கி ரூபாவின் பிடியைத் தளர்த்தியது; சில நாட்களிலேயே டொலர் 260 ரூபா அளவுக்கு ஏறியது; மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அட்டையிற் செலவு செய்த அன்றே கணக்கு முடிந்துவிட்டது என்று அவன் நினைத்திருந்தான். அப்படியன்று. நாம் கையொப்பமிடும் நாள் ஒன்று; கடைக்காரரின் வங்கி கேட்டு, நம் வங்கி அதனைப் பதியும் நாள் வேறொன்று. இரண்டுக்குமிடையே சில நாட்கள் செல்லும். பதியும் நாளின் வீதமே செல்லும். 1,200 டொலர், 260 ரூபா வீதம் 312,000 ரூபாவாயிற்று. நூற்றுக்கு 3 மாற்றுக் கட்டணமும் சேர 321,360 ரூபா. எதிர்பார்த்ததைவிட 77,760 ரூபா கூடுதல். அந்தப் பிரயாணத்தால் அவன் பெற்ற புள்ளிகளின் பெறுமதி 1,560 ரூபா!

நட்டம் அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கையிற் பணம் போதாமையால், ‘குறைந்தபட்சக் கொடுப்பனவு’ என்று அறிக்கையில் அச்சிட்டிருந்த சிறுதொகையை மட்டும் மாதாமாதம் கட்டினான். அதைக் கட்டினால் வங்கி மகிழும் என்பது உண்மை. ஏனெனில் மீதிக்கு வட்டி ஓடும். அட்டை வட்டிக்கு மத்திய வங்கி விதித்திருந்த உச்ச வரம்பு 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது. அதே ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அட்டை வட்டி ஆண்டுக்கு 30 வீதத்தையும் தாண்டியது. 30 வீதம் என்று கொண்டாலும், மாதத்துக்கு இரண்டரை வீதம். அவன் கடனுக்கு மாதம் ஏறத்தாழ 8,000 ரூபா. ஐந்தாம் மாதத்தில் மனைவியின் காப்புகளை ஈடு வைத்துக் கடனை அடைத்தான். காப்பை மீட்க ஒன்றரை ஆண்டு சென்றதாம்.

“அட்டைக்காரன் என்னை ஏமாற்றவில்லை, சேர். எல்லாம் சிற்றெழுத்தில் இருந்தது. நான்தான் புள்ளியைப் பார்த்துக்கொண்டு மற்றதைப் பார்க்கவில்லை” என்றான்.

வினாவை முழுவதும் வாசியாத பழைய பழக்கம்! ஆனால் அதைச் சொல்லிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ரூபாவின் வீழ்ச்சி அட்டையின் குற்றமன்று. எந்த அட்டையாக இருந்தாலும் அந்த அடி விழுந்திருக்கும். ஆனால் அந்த அடியைத் தாங்கும் வழி ஒன்று அவன் கையிலேயே இருந்தது.

“உனக்கு வெளிநாட்டுக் கடைகளிலிருந்து டொலர்தானே வருகிறது? அதை என்ன செய்கிறாய்?” என்று கேட்டேன்.

“வந்த அன்றே ரூபாவாக மாற்றிவிடுவேன்.”

“அப்படியானால் மார்ச் தொடக்கத்தில் டொலரை 200 ரூபாவுக்கு விற்றுவிட்டு, அதே மாதத்தில் உன் செலவுக்கு 260 ரூபாவுக்குத் திரும்ப வாங்கியிருக்கிறாய்.”

அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வணிகர்கள் ‘வணிக வெளிநாட்டு நாணயக் கணக்கு’ ஒன்றை வங்கியில் வைத்திருக்க இடமுண்டு. ஏற்றுமதி வருமானத்தை நாட்டுக்குக் கொண்டுவருவதற்கும் ரூபாவாக மாற்றுவதற்கும் விதிகள் உள்ளன. அவை அவ்வப்போது திருத்தப்படுவதுமுண்டு. ஆகவே வங்கி முகாமையாளரிடம் நேரிற் சென்று, ‘என் வெளிநாட்டு நாணயக் கணக்கிலிருந்து பிரயாணச் செலவைச் செலுத்தலாமா? அதற்கு ஓர் அட்டை தருவீர்களா?’ என்று கேட்க வேண்டும். டொலரில் வந்தது டொலரிற் போகுமானால், இருமுறை மாற்றும் கூலியும் இல்லை. இடையில் வீதம் மாறிவிடுமோ என்ற ஏக்கமும் இல்லை. பரிசுப் பிரசுரங்கள் மூன்றிலும் இந்த யோசனை அச்சிடப்பட்டிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதன்பின் அவனுக்கு நான் சொல்லிய ஏனைய விஷயங்களையும் இங்கே தருகின்றேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் பெற்றோருக்கும் இவை உதவலாம்.

வெளிநாட்டுக் கடையில் அட்டையைக் கொடுத்ததும், இயந்திரம் சில வேளைகளில் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா, இந்நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?’ என்று மிக மரியாதையாகக் கேட்கும். சென்னையில் ஒரு புத்தகக் கடையில் என்னையும் அது கேட்டது. ரூபாவிற் பார்த்தால் விளங்குமே என்று நம் பணத்தைத் தெரிந்தேன். வீடு வந்து கணக்குப் பார்த்தால், அன்றைய வீதத்தைக் காட்டிலும் நூற்றுக்கு ஐந்து கூடக் கட்டியிருக்கின்றேன். அந்த மாற்று வீதத்தை நிர்ணயிப்பவர் நம் வங்கியார் அல்லர், கடைக்காரரின் பக்கத்தார். ஆகவே எந்த நாட்டில் நிற்கின்றோமோ அந்த நாட்டுப் பணத்தையே தெரிய வேண்டும். ஊருக்குள் போனால் ஊர் அளவைதான்.

கடனட்டையால் ஏ.ரி.எம். இயந்திரத்திற் காசு எடுப்பது தீயைத் தொடுவது போன்றது. பொருள் வாங்கினால் அறிக்கை வந்து சில வாரங்கள்வரை வட்டியில்லாத் தவணை உண்டு. காசாக எடுத்தால் தனிக் கட்டணமும், எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு. கைச்செலவுக்குச் சிறிது வெளிநாட்டுப் பணத்தை இங்கேயே வங்கியில் வாங்கிச் செல்வது நல்லது.

விடுதிகள் நாம் உள்ளே நுழையும்போதே ஒரு தொகையை அட்டையில் தடுத்து வைக்கும். அது செலவன்று, ஆயினும் அட்டையின் எல்லை அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். எல்லை முழுவதையும் நம்பிப் பிரயாணம் செய்பவர் இரண்டாம் நாளே திகைப்பார். ஓர் அட்டை வேலை செய்யாவிட்டால் உதவுவதற்கு வேறொரு வகை அட்டையும் வேறொரு பையில் இருக்க வேண்டும். புறப்படுமுன் வங்கிக்கு அறிவித்து, வெளிநாட்டுப் பாவனைக்கு அட்டை திறந்துள்ளதா என்று உறுதி செய்ய வேண்டும். பற்றுச்சீட்டுகளின் மை சில மாதங்களில் மங்கிவிடும். ஆகவே அன்றன்றே கைபேசியிற் படம் எடுத்து வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அவன் கவனமாகக் குறித்துக்கொண்டான். எழும்பும் வேளையில், “சேர், பழைய அட்டையில் இன்னும் கொஞ்சப் புள்ளிகள் கிடக்கின்றன. அவற்றைக் கொடுத்து வீட்டுக்கு ஒரு சோற்றுப் பானை எடுக்கலாம் என்று பார்க்கிறேன். மின்சாரத்தில் வேலை செய்வது” என்றான்.

அதுவரை ஒன்றும் பேசாதிருந்த என் மனைவி, “தம்பி, அந்தப் புள்ளி டுபாய்ச் செலவில் வந்ததுதானே? அந்தச் செலவு உங்கள் இரண்டு பேருடைய கடைக் கணக்கில் எழுதியதா, உங்கள் வீட்டுக் கணக்கில் எழுதியதா?” என்று கேட்டாள்.

“கடைக் கணக்கில்தான், அம்மா. காப்பை ஈடு வைத்த காசைக்கூட அத்தான் பிறகு பாதி தந்துவிட்டார்.”

“அப்படியென்றால் சோற்றுப் பானையிலும் அத்தானுக்குப் பாதி இருக்குமே!”

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். ஆனால் அது சிரிப்போடு போகும் கேள்வியன்று. 2002 ஆம் ஆண்டில் ஜேர்மனியில், அரசாங்கப் பிரயாணங்களிற் சேர்ந்த விமான மைல்களைச் சொந்தப் பிரயாணத்துக்குப் பயன்படுத்தினர் என்ற விஷயம் பத்திரிகைகளில் வெளிவந்தது. பேர்லின் மாநிலத்தின் பொருளாதாரப் பொறுப்பை வகித்த கிரெகோர் கீசி அதன் காரணமாகவே பதவியைத் துறந்தார். பாராளுமன்ற உறுப்பினரான செம் ஒஸ்டெமிரும் தம் பொறுப்பிலிருந்து விலகினார். மைல்களின் பெறுமதி பெரிதன்று. ஆனால் அவை யாருடைய பணத்திற் பிறந்தவை என்பதே அங்கு எழுந்த கேள்வி. பொதுப் பணத்தில் முளைத்த செடியின் காய் பொதுவுக்கே உரியது.

இதில் வேறோர் இடரும் உண்டு. புள்ளி தனக்கு, செலவு கடைக்கு என்று வந்துவிட்டால், நல்ல மனிதனும் தன்னையறியாமலே விலை கூடிய விமானத்தையும் விலை கூடிய விடுதியையும் தெரிவான். நூறு ரூபாப் புள்ளிக்காகப் பங்காளியின் ஆயிரம் ரூபா போகும். களவு செய்ய நினையாதவனையும் கணக்கில் வழுக்கி விழச் செய்வது இந்தச் சிறு பரிசு. ஆகவே பங்கு வியாபாரமானாலும், சங்கமானாலும், பாடசாலையானாலும், அட்டையில் வரும் புள்ளி யாருக்கு என்பதைப் புறப்படுமுன்பே பேசிக் கொப்பியில் எழுதி வைத்தல் நன்று. ‘பிரயாணம் செய்பவரின் அலுப்புக்கு அது கூலியாகட்டும்’ என்று எல்லாரும் சம்மதித்தால் அதுவும் நியாயமே. சம்மதம் கேட்பதில்தான் நேர்மை இருக்கின்றது.

என் பாட்டியார் இரண்டு கொட்டைப்பெட்டிகள் வைத்திருந்தார். ஒன்று வீட்டுச் செலவுக்கு. மற்றது பால் விற்ற காசுக்கு. பால்காசுப் பெட்டியிலிருந்து மாட்டுக்குப் பிண்ணாக்கு வாங்குவாரேயன்றி, எங்களுக்கு மிட்டாய் வாங்க மாட்டார். நாங்கள் அழுதாலும், “அது மாட்டின் காசு, பிள்ளை” என்பார். வியாபாரச் செலவுக்கு ஓர் அட்டை, வீட்டுச் செலவுக்கு வேறோர் அட்டை என்று இன்று கணக்காளர்கள் கூறும் அறிவுரை அந்தப் பனையோலைப் பெட்டிக்குள் அன்றே இருந்தது.

மாணவன் அன்று ஒரு பிரசுரத்தையும் நிரப்பவில்லை. மறுநாட் காலை வங்கிக்குச் சென்று வெளிநாட்டு நாணயக் கணக்கைப் பற்றி விசாரித்தான். அது திறபட்டு அதற்கு அட்டை கிடைக்கும்வரை, ஆபத்துக்கு உதவியாக இரண்டாவது பிரசுரத்து அட்டையை, சிறிய எல்லையோடு, எடுப்பதாகத் தீர்மானித்திருக்கின்றான். சோற்றுப் பானை விஷயத்தை அத்தானிடம் சொன்னானாம். “எடுத்துக் கொட்டிலில் வேலை செய்யும் பெண்களுக்கு மத்தியானச் சோறு காய்ச்சக் கொடு” என்று அவர் சொல்லிவிட்டாராம். என் மனைவிக்கு இச்செய்தி மிகுந்த திருப்தியைத் தந்தது.

மாணவ நேயர்களுக்கு, வழக்கம்போல, ஒரு கணக்கு. ஓர் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 6,000 ரூபா. வெளிநாட்டுச் செலவில் நூற்றுக்கு 3 கட்டணம். நூற்றுக்கு 1 பரிசாகத் திரும்பும். மற்றோர் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபா, நூற்றுக்கு 2½ கட்டணம், பரிசில்லை. ஆண்டில் 300,000 ரூபா செலவிடுபவர்க்கு எது நல்லது? எவ்வளவு செலவிட்டால் இரண்டும் சமமாகும்? விடையை வீட்டிற் பெரியவர்களோடு இருந்து கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தபின், வீட்டிலிருக்கும் அட்டையின் பிரசுரத்தை ஒருமுறை பின்பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். அந்த ஆறு அயல்நாட்டு ஆறானால் இருமுறை அளக்க வேண்டும்.